போன வாரம் என்ன படம் பார்த்தீங்க? – குமரிக்காரர்கள் இழை

ரசவடை (நாகர்கோவில்)

நான்கு நாளாக விடாத மழை. வடசேரிப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். வேலைக்குப் போய்விட்டு வந்தால் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். அப்படி அடைந்து கிடந்ததில் மூன்று படம் பார்த்தாகிவிட்டது. யாரிடமாவது பேசினால்தான் சோறு இறங்கும் போலிருக்கிறது. அதற்குத்தான் இந்த இழை.

விமர்சனம் வேண்டாம், மார்க் போட வேண்டாம். சமீபத்தில் பார்த்ததில் எது மனதில் நின்றது, எங்கே கொட்டாவி வந்தது, அது போதும். பழைய படமானாலும் நீங்கள் இப்போது பார்த்திருந்தால் அது புதுப்படம்தான்.

முதல் போணி நானே செய்கிறேன். 'பார்க்கிங்' (2023). தேசிய விருது அறிவித்த பிறகுதான் பார்க்கத் தோன்றியது, என்னை மாதிரி ஆட்கள் அப்படித்தான். ஒரே வீட்டில் மேலேயும் கீழேயும் குடியிருக்கிற இரண்டு குடும்பம், ஒரு கார் நிறுத்தும் இடம், அதற்கு அடிதடி. அவ்வளவுதான் கதை. எம்.எஸ்.பாஸ்கரைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் அப்பாதான் தெரிந்தார். ஃபேன் ஓடினால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அணைத்துவிட்டுப் போகிறவர். அம்மா பாதிப் படத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா, "அவன் சொல்லுகதுல என்ன தப்பு?" என்றார். இரண்டாம் பாதியில் இரண்டு பேருக்கும் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது, அங்கே எனக்குக் கொஞ்சம் விட்டுப்போயிற்று. அப்பா கடைசிவரை பாஸ்கர் கட்சிதான். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் கார் கிடையாது.

பால்வெட்டு (குலசேகரம்)

'லப்பர் பந்து' (2024). மூன்றாவது தடவை. ரப்பர் முழுக்க எங்கள் ஊரில், பந்து மட்டும் வேறு ஊரில் என்கிற வருத்தம் தவிர ஒரு குறையும் இல்லை. தினேஷ் மட்டையோடு வரும்போது பின்னால் விஜயகாந்த் பாட்டு வருமே, மழைக்கு ரப்பர் பால் வெட்டு இல்லாமல் சும்மா கிடக்கிறவனுக்கு அதைவிட மருந்து ஏது.

ரசவடை

அண்ணன், மூன்று தடவை பார்த்தவர் மூன்று வரியில் முடிக்கலாமா?

பால்வெட்டு

விடியுமுன்னே எழுந்திருக்கிறவன் தம்பி. மழை விட்டால் நாளைக்கு வெட்டு உண்டு. மூன்று வரிதான் வரும்.

பூதப்பாண்டிக்காரன்

'மெய்யழகன்' (2024). தியேட்டரில் தவறவிட்டேன், போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீட்டில் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். தஞ்சாவூரில் இருந்த வீட்டை இழந்து சென்னைக்குப் போய்விட்ட குடும்பம். 22 வருடம் கழித்து அரவிந்த்சாமி ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். ஆள் யாரென்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சம்.

எனக்கு அப்படியே நடந்திருக்கிறது. போன தை மாதம் ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணம். ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் எப்பம் வந்திய? மைனி வரல்லியா?" என்று கேட்டார். பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிரதமன் பாயசத்தை இரண்டாவது தடவை ஊற்றச் சொல்லி, அதில் பப்படத்தை அவரே நொறுக்கிப் போட்டார். பஸ் ஏற்றிவிடும்வரை கூடவே நின்றார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அடையாளம் சொன்னேன். நெற்றியில் தழும்பு, பேச்சுக்கு நடுவே ஒரு சிரிப்பு. அம்மா மூன்று பேரைச் சொன்னார். அதில் இரண்டு பேர் செத்துப்போனவர்கள்.

படம் வந்த பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். என்னைக் கேட்டால் இன்னும் ஒரு 18 வெட்டியிருக்கலாம். ராத்திரி உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு நடுவில் கண் சொக்கியது. அப்பா அசையவில்லை. எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது, பழையாற்றங்கரையை ஒட்டி. விற்றுவிட்டோம். அதைப் பற்றி அப்பா வீட்டில் பேசவே மாட்டார்.

பழைய சைக்கிள் விஷயம் வருகிற இடத்தில் எழுந்து வெளியே போனார். பல் தேய்க்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து கேட்டார்: "நம்ம சைக்கிள நாம யாருக்குடே குடுத்தோம்?"

தோவாளைப்பூ

பூதப்பாண்டி அண்ணன், கல்யாண வீட்டுப் பேச்சை எங்கே வெட்டுவீர்கள்? எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு வந்தவர்கள் வாசலில் செருப்புப் போட்ட பிறகு முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அந்தப் படத்தில் எனக்கு நீளம் தெரியவில்லை. ஒன்றுதான் உறுத்தியது. இரண்டு ஆண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினால் அது பெரிய விஷயமாகிறது. நாங்கள் பூக்கட்டிக்கொண்டே தினமும் அதைச் செய்கிறோம், யாரும் படம் எடுப்பதில்லை.

என் முறைக்கு அப்புறம் வருகிறேன், அடுப்பில் மீன் கிடக்கிறது.

மட்டிப்பழம் (திருவட்டாறு)

'வாழை' (2024). பார்க்க வேண்டாம் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். காரணம் இருக்கிறது. அப்பா குலை சுமந்தவர். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து வண்டிக்கு, சில நாள் வடசேரி கனகமூலம் சந்தைவரைக்கும் போய் இறக்கிவிட்டு வருவார்.

படத்தில் 'தார்' என்கிறார்கள். நம் பக்கம் 'குலை'. அதுவும் வாயில் வரும்போது 'கொலை' ஆகிவிடும். கோயம்புத்தூரில் படிக்கும்போது அறைத் தோழன் ஒருவனிடம், "அப்பா காலைலேயே கொலை வெட்டப் போயாச்சு" என்று சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நல்ல ஏத்தன் (நேந்திரன்) குலை ஒன்று 12, 15 கிலோ வரும். தலையில் சும்மாடு இருந்தாலும் கழுத்து உள்ளே இறங்கும். அதைவிட மோசம் கறை. சட்டையில் வாழைக் கறை பட்டால் அந்தச் சட்டை அவ்வளவுதான், சலவைக்கல் தேய்ந்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் யார் வீட்டில் குலை சுமக்கிறார்கள் என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். படத்தில் அந்தப் பையன் வேலைக்குப் போகாமல் இருக்க என்னென்ன சாக்குத் தேடுகிறான், அதையெல்லாம் நானும் செய்திருக்கிறேன். வயிற்று வலி உட்பட.

டீச்சர் மீது பையனுக்கு இருக்கிற பிரியம் வருகிற பகுதி எனக்குக் கொஞ்சம் நீண்டுவிட்டது. ஆனால் அதன் பிறகு வருகிறது பாருங்கள், லாரி. அது இயக்குநரின் சின்ன வயதில் உண்மையாகவே நடந்த விபத்து என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். தெரிந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. நாங்களும் லாரியில் குலைக்கு மேலே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள்தான். அது ஆபத்து என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றியதில்லை, மேலே காற்று நன்றாக வரும்.

அப்பாவிடம் இந்தப் படத்தைக் காட்டவில்லை. காட்டப் போவதும் இல்லை.

ரசவடை

மட்டிப்பழம், இதற்கு மேலே நான் என்ன சொல்ல. 'கொலை' மட்டும் நாளைக்கு ஆபீஸில் சொல்லப் போகிறேன்.

தோவாளைப்பூ

மீன் ஆயிற்று. 'வாழை' வந்த அதே நாளில், 2024 ஆகஸ்ட் 23 அன்று, இன்னொன்றும் வந்தது, 'கொட்டுக்காளி'. எல்லாரும் 'வாழை'க்குப் போனார்கள், நான் இதற்குப் போனேன். தியேட்டரில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். படத்தில் பின்னணி இசையே கிடையாது. எனக்குப் பின்னால் இருந்தவர் மிக்சர் மென்ற சத்தம்தான் பின்னணி இசை. இப்போது வீட்டில் மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை மிக்சர் இல்லை, ரொம்ப நன்றாக இருந்தது.

ரசவடை

அக்கா, அந்தப் படத்தை நானும் பார்த்தேன். லைட் போட்ட பிறகுதான் படம் முடிந்துவிட்டது என்றே தெரிந்தது. ஆட்டோவில் போகிறார்கள், போகிறார்கள், போய்ச் சேர்ந்ததும் முடிந்துவிட்டது. சூரி தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கத்துகிறார். கதாநாயகி வாயைத் திறப்பதே அபூர்வம். விருதுக்காக எடுத்த படமோ என்னவோ, 100 ரூபாய் கொடுத்தவனுக்கு ஒரு முடிவு வேண்டாமா?

தோவாளைப்பூ

பிடிக்காமல் போனது உங்கள் இஷ்டம் தம்பி. எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்கிறேன்.

என் அத்தை மகளையும் அந்தப் படத்தில் வருகிற பெண்ணைப் போல ஒரு ஆட்டோவில் பேயோட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று. பேயின் பெயர், சாதி, பைக் நம்பர் எல்லாம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். நானும் அந்த ஆட்டோவில் இருந்தேன், எனக்கு அப்போது 14 வயது. போகும்போது ஒரு இடத்தில் நிறுத்தி எல்லாரும் டீ குடித்தார்கள். அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால் எனக்கு அந்தப் படத்தில் இசை இல்லாதது குறையாகப் படவில்லை.

ரசவடை

மன்னிக்கணும் அக்கா. மறுபடியும் பார்க்கிறேன்.

தாம்பரம் டு தக்கலை

வணக்கம். பிழைப்பு சென்னையில், உயிர் தக்கலையில்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025). இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்குகிற குடும்பம் சென்னையில் ஒளிந்து வாழ்கிறது. அவர்கள் பேச்சைக் கேட்டு யாரும் சந்தேகப்படாமல் இருக்க, கேரளாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நான் சென்னைக்கு வந்து 11 வருடம். வாடகைக்கு வீடு பார்க்கப் போன முதல் நாள், "சாவி நாளைக்குத் தாறீங்களா? நான் ஆறு மணிக்கு வாறேன்" என்றேன். வீட்டுக்காரர், "கேரளாவா தம்பி?" என்றார். இல்லை, கன்னியாகுமரி மாவட்டம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சிலோனா?" என்றார். ஆதார் அட்டையைக் காட்டிய பிறகும் முகத்தில் தெளிவு இல்லை. வாறேன், தாறேன் எங்களுக்கும் உண்டு, யாழ்ப்பாணத்துக்கும் உண்டு. 'ஒறக்கம்' என்றால் மலையாளி. 'எப்பம்' என்றால் ஏதோ ஒரு வெளிநாடு. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் நானும் 'வர்றேன்' என்று சொல்லப் பழகிவிட்டேன். ஊருக்குப் போகிற ரயிலில் வள்ளியூர் தாண்டியதும்தான் நாக்கு இடத்துக்கு வரும்.

படத்தில் அந்தச் சின்னப் பையனும் சிம்ரனும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். சசிகுமார் பேச்சு நடுநடுவே மதுரைக்குப் போய்விட்டு வருகிறது. அந்தத் தெருவில் இருக்கிறவர்கள் எல்லாரும் இத்தனை சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவார்களா என்று ஒரு சந்தேகம் இருந்தது. ஆனாலும் கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டிப்பழம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே இருக்கிற நண்பனும் இந்தப் படத்தைப் பார்த்தான். எப்படி என்று கேட்டேன். "பேச்சு கொஞ்சம் பிசகுது, பரவாயில்ல. ஆனா நாங்கள் வந்து முப்பது வருசம் தாண்டிப் போச்சு, இன்னும் டூரிஸ்ட்தான்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

படந்தாலுமூடு

எல்லாரும் தமிழ்ப் படமாகவே எழுதுகிறீர்களே. எங்கள் பக்கம், விளவங்கோட்டில், 'மலையாளப் படம்' என்று தனியாக ஒன்று கிடையாது. படம், அவ்வளவுதான். களியக்காவிளை தாண்டினால் அந்தப் பக்கத்துத் தியேட்டர், குழித்துறை ஆறு தாண்டினால் இந்தப் பக்கத்துத் தியேட்டர், எது பக்கமோ அது.

'உள்ளொழுக்கு' (2024) பார்த்தேன், மழையோடு மழையாக. குட்டநாட்டில் ஒரு வீடு. வீட்டுக்குள் வெள்ளம். மகன் இறந்துவிட்டான், கல்லறையும் தண்ணீருக்குள். வெள்ளம் வடியும்வரை அடக்கம் செய்ய முடியாது, உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் மாமியாரும் மருமகளும் என்னென்ன தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் படம். ஊர்வசி மாமியார், பார்வதி மருமகள். ஊர்வசிக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது, கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நம் ஆட்கள் அவரைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். இதில் அவர் முட்டளவுத் தண்ணீரில் நடந்து வருகிற நடையே போதும், எங்கள் அம்மச்சி நடந்த மாதிரி.

2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைவரை தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கிழவி அப்போது படுக்கையில் கிடந்தார். பெரியவர்கள் எல்லாரும், "வெள்ளம் எறங்குறவரைக்கும் தாங்கிருவாளா?" என்றுதான் மெல்லப் பேசிக்கொண்டார்கள். தாங்கிவிட்டார். இன்றும் இருக்கிறார், நாங்கள்தான் பேசுவதை நிறுத்தவில்லை.

ரசவடை

'உள்ளொழுக்கு' நானும் பார்த்தேன், சப்டைட்டில் போட்டு. சப்டைட்டில் இல்லாமல் பாதிதான் பிடிபட்டது.

படந்தாலுமூடு

நாகர்கோவில்காரருக்கு மலையாளத்துக்குச் சப்டைட்டிலா! வெட்கக்கேடு மக்கா. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) மொழிமாற்றம் செய்யாமலேயே சென்னைவரைக்கும் ஓடியதே.

ரசவடை

அதில் பாதிப் பேர் தமிழ்தான் பேசினார்கள். மீதிக்குக் 'கண்மணி அன்போடு' பாட்டு இருந்தது. எந்தக் குழிக்குள் விழுந்தாலும் அந்தப் பாட்டுக்குச் சப்டைட்டில் வேண்டாம்.

பழையாறு

கோபித்துக்கொள்ள வேண்டாம். தலைப்பைப் பார்த்துவிட்டுக் குமரித் தமிழர்கள் தமிழ்ப் படம் பேசுகிற இடம் என்று வந்தேன். இங்கேயும் மலையாளமா? ஏற்கெனவே வெளியூரில் எல்லாரும் நம்மை மலையாளி என்கிறார்கள். மேலே தாம்பரம் நண்பர் அதைத்தான் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். நாமே அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டுமா? எல்லையைத் தமிழ்நாட்டோடு சேர்க்க எத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

படந்தாலுமூடு

உயிர் கொடுத்தவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் உண்டு அண்ணன். அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் இப்போது மோகன்லால் படத்துக்கு முதல் காட்சி டிக்கெட் எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியும்.

தாம்பரம் டு தக்கலை

பழையாறு அண்ணன், நான் வருத்தப்படவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தேன், அவ்வளவுதான்.

பாட்டா72 (அகஸ்தீஸ்வரம்)

பேத்தி இந்த இழையை வாசித்துக் காட்டினாள். தட்டச்சு அவள், பேச்சு என்னுடையது. பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

நான் பிறந்தது திருவிதாங்கூர்-கொச்சியில். 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்தில். வீடு மாறவில்லை, அதே கிணறு, அதே வேப்பமரம். அதனால் பழையாறு தம்பிக்கு ஒரு சங்கதி.

மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளாவில் யாரைச் சொல்கிறார்கள்? ஜே.சி.டேனியலை. வாழ்நாள் சாதனைக்கு அவர் பெயரில்தான் அந்த அரசாங்கம் விருது கொடுக்கிறது. அவர் எந்த ஊர்? எங்கள் அகஸ்தீஸ்வரம். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ வைத்து, 'விகதகுமாரன்' என்று ஒரு படம் எடுத்தார். அவரே எழுதி, இயக்கி, நடிக்கவும் செய்தார். கதாநாயகி பி.கே.ரோசி, தலித் பெண். படத்தில் நாயர் பெண்ணாக நடித்தாள் என்பதற்காகத் திரையில் கல்லை விட்டெறிந்தார்கள். அந்தப் பெண் ஊரில் இருக்க முடியாமல் தமிழ்நாட்டுக்கு வருகிற ஒரு லாரியில் ஏறித் தப்பினாள். அதை ஓட்டியவரையே கட்டிக்கொண்டு வேறு பெயரில் வாழ்ந்தாள். அதன் பிறகு நடிக்கவே இல்லை. டேனியல் காசெல்லாம் போய், பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். 1975இல் இறந்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

அவரைப் பற்றி மலையாளத்திலேயே 2013இல் ஒரு படம் வந்தது, 'செல்லுலாய்ட்'. பிருத்விராஜ் டேனியலாக நடித்திருக்கிறார். போன வாரம் பேரன் போட்டுக் காட்டினான், பாதியில் கரண்ட் போய்விட்டது. பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெயரைச் சினிமாவில் ஒருத்தர் மரியாதையோடு சொல்லிக் கேட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டேனியல் எடுத்தது மௌனப் படம். அதில் பேச்சே கிடையாது. அந்தப் படம் எந்த மொழி என்று பழையாறு தம்பி சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

பால்வெட்டு

பாட்டா! மழை இன்னும் விடவில்லை, அதனால் முழுவதும் படித்தேன்.

பழையாறு

பாட்டா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, மலையாளமும் எழுதுங்கள். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் தமிழ் சினிமாவுக்குப் போனார், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர் மலையாளத்துக்குப் போனார். இரண்டு ஊருக்கும் நடுவில் டவுன் பஸ் ஓடுகிறது. எனக்கு இது இதுவரை தோன்றியதே இல்லை.

ஆனால் என் மனக்குறை அப்படியேதான் இருக்கிறது. நம் பேச்சு ஒரு படத்திலாவது ஒழுங்காக வருகிறதா? 'மக்கா' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால் நாகர்கோவில்காரன் ஆகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேச்சு முழுக்கத் திருநெல்வேலி.

பாட்டா72

அதில் நான் உன் கட்சி. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) முட்டத்தில் எடுத்தார்கள். சைக்கிளில் வேடிக்கை பார்க்கப் போனேன், வெயிலில் நின்று நின்று கடைசியில் ஒரு குடையைத்தான் பார்த்தேன். அப்புறம் 'கடலோரக் கவிதைகள்' (1986), அதுவும் முட்டம். பாறை நம்முடையது, அலை நம்முடையது, சர்ச்சு நம்முடையது. வாய் மட்டும் வேறு யாருடையதோ. பாட்டு நன்றாக இருந்ததால் அப்போது யாரும் கேட்கவில்லை.

கடலாடி (தூத்தூர்)

இன்றுதான் கரை வந்தேன். 23 நாள் கடல். கொச்சியில் மீனை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, குளித்து, தூங்கி எழுந்து இந்த இழையைப் பார்க்கிறேன்.

எங்கள் போட்டில் பன்னிரண்டு பேர். கிளம்புமுன் எல்லாரும் போனில் படங்களை இறக்கி வைத்துக்கொள்வோம், நடுக்கடலில் ஏது சிக்னல். தூண்டில் விட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் வீல்ஹவுஸில் ஒரு போனைச் சாய்த்து வைத்து நாலு பேர் பார்ப்போம். இந்தத் தடவை '2018' (2023) பார்த்தோம். கேரள வெள்ளத்தைப் பற்றிய படம். வந்தபோதே பார்த்திருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை.

அதில் மீனவர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள் போகிறார்கள். உண்மையில் நடந்ததுதான். அந்த இடம் வந்ததும் போட்டில் இருந்த சின்னப் பையன்கள் விசில் அடித்தார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றார். அவர் தம்பி ஒக்கி புயலில் போனவர்.

2018 ஆகஸ்டில் அந்த வெள்ளம். அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் கரை முழுக்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் குழித்துறை ரயில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோம், காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி. அடுத்த ஆகஸ்டில் கேரளக் கரையில் எங்களைப் போன்ற ஆட்கள்தான் வள்ளத்தை எடுத்துக்கொண்டு வெள்ளத்துக்குப் போனார்கள். படம் பார்க்கும்போது எனக்கு இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் உயர்கிற காட்சிகள் பயமாக இருந்தன. அது உண்மை.

பழையாறு அண்ணன் பேச்சைப் பற்றிச் சொன்னார். எனக்குக் கையைப் பற்றி ஒரு குறை உண்டு. சினிமாவில் மீனவனாக வருகிறவன் கையைக் காட்டும்போது பாருங்கள். நரம்புத் தூண்டில் இழுத்த கை அப்படி இருக்காது. விரல் மடிப்பில் எல்லாம் வெட்டு இருக்கும், உப்புத் தண்ணீரில் அது ஆறாது. வசனம் யாராவது சொல்லிக் கொடுத்துவிடலாம். கையை எங்கே போய் வாங்குவார்கள்?

வந்த இடத்தில் அழுகாச்சி வைத்துவிட்டேன். வீட்டில் பிள்ளைகளோடு 'லப்பர் பந்து' பார்க்கப் போகிறேன், பால்வெட்டு அண்ணன் மூன்று தடவை பார்த்திருக்கிறார் என்பதால்.

பால்வெட்டு

நாலாவது தடவைக்கு நானும் உட்காருகிறேன் கடலாடி. போனில் பேசிக்கொண்டே பார்ப்போம்.

பூதப்பாண்டிக்காரன்

ஒரு சின்னச் செய்தி. அந்தச் சைக்கிள் யாரிடம் போயிற்று என்று அப்பா மூன்று நாளாக எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிசனங்கோப்பில் ஒருவரிடம் இருந்ததாகவும், அவர் மகன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகவும் தெரியவந்தது. அப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த மகன், "நீங்க யாரு, மாமாவா?" என்று கேட்டு அரை மணி நேரம் பேசினானாம். அப்பாவுக்கு அவனை யாரென்றே தெரியவில்லை.

தோவாளைப்பூ

பார்த்தீர்களா? அந்த அரை மணி நேரத்தை வெட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பாட்டா72

மீதிப் பாதி 'செல்லுலாய்ட்' இன்னும் பார்க்கவில்லை. பேரன் காலேஜுக்குப் போய்விட்டான், பேத்திக்குப் பரீட்சை. இந்த ரிமோட்டில் எதை அழுத்தினாலும் ஒரு பெண் வந்து இங்கிலீஷில் பேசுகிறாள். பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?

படந்தாலுமூடு

ஞாயிற்றுக்கிழமை கொட்டாரத்தில் ஒரு வேலை இருக்கிறது பாட்டா. சாயங்காலம் வருகிறேன், நானே போட்டுத் தருகிறேன். சப்டைட்டில் வேண்டுமா?

பாட்டா72

சப்டைட்டில் வேண்டாம். வருகிற வழியில் பழம்பொரி வாங்கிக்கொண்டு வா, நாலு. கரண்ட் போனால் தின்றுகொண்டிருக்கலாம்.

ரசவடை

பாட்டா, நானும் வரலாமா? எனக்குச் சப்டைட்டில் வேண்டும்.